கார்க் கூரைத் துணி: பழி கம்முக்கு, குற்றம் பஞ்சுக்கு

பத்து வயதைத் தாண்டிய கார்களுக்கு வருகிற வியாதி இது. முதலில் பின்கண்ணாடி ஓரத்தில் கூரைத் துணி லேசாகத் தொப்பை போடும். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அடுத்த கோடை முடிவதற்குள் தொப்பை நடுவரை வந்துவிடும். பின்சீட்டில் உட்காருகிறவர் தலையில் உரசும். ஜன்னலைத் திறந்து ஓட்டினால் படபடவென்று அடித்துக்கொள்ளும். கண்ணாடியில் பின்னால் வருகிற லாரிக்குப் பதிலாகத் துணிதான் தெரியும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின், இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் என்று வீட்டு வைத்தியமெல்லாம் முடிந்த பிறகுதான் குஷன் கடைப் பக்கம் போவோம்.

ஏன் இப்படி ஆகிறது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: "கம்மு விட்டுப்போச்சு." மெக்கானிக்கும் அதைத்தான் சொல்வார், காரே ஓட்டத் தெரியாத மாமாவும் அதைத்தான் சொல்வார். அதனால் எல்லாரும் இன்னும் பலமான கம் எது என்று தேட ஆரம்பிக்கிறார்கள். பெரும்பாலான வண்டிகளில் கம் பாவம், அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருக்கிறது. செத்துப்போனது துணிக்கும் கம்முக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய ஃபோம் பஞ்சு. இது புரிந்துவிட்டால் எந்தத் துணி வாங்குவது, எந்தக் கம் பூசுவது என்கிற கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும்.

அப்பாவின் பழைய செடானை கும்பகோணத்தில் ஒரு குஷன் கடைக்கு ஓட்டிப் போயிருந்தோம். கடை பாய் வெகுகாலமாக இதே தொழிலில் இருப்பவர். அம்பாசிடர் சீட்டுக்குத் தேங்காய் நார் அடைத்த காலத்துக் கதையெல்லாம் அவரிடம் உண்டு. "நல்ல ஸ்ட்ராங்கான கம்மா போட்டு, அதே துணிய ஒட்டிக் குடுங்க பாய்" என்றார் அப்பா. பாய் ஒன்றும் பேசவில்லை. தொங்கிய துணியின் ஓரத்தை இழுத்து, பின்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒரு தேய் தேய்த்தார். விரல் முழுக்க மஞ்சளாகத் தூள். கொஞ்சம் பிசுபிசுப்பும் இருந்தது.

"இதுல எதை அண்ணே ஒட்டுறது? பஞ்சே இல்லையே" என்றார்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டு, மேலே அட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அட்டையின் மேல் அதே மஞ்சள் பஞ்சு மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டிருந்தது. மேலாக இருந்தது உதிர்ந்தது. அடியில், கம்மோடு கம்மாக இருந்த படலத்தை நகத்தால் சுரண்டினேன், வரவே இல்லை. கம் அங்கேயேதான் இருந்தது. ஒட்டிப் பிடித்த இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் கையில் இருந்த பொருள்தான் பொடியாகிவிட்டது.

கூரை லைனிங் எப்படிச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். மேலே இரும்புத் தகடு. அதற்குக் கீழே ஒரு வளைந்த அட்டை, கண்ணாடி இழை, சணல், காகிதக்கூழ் என்று ஏதோ ஒன்றைப் பிசினோடு சேர்த்து அச்சில் அழுத்தி எடுத்தது. அந்த அட்டையின் கீழ்ப்பக்கத்தில்தான் நாம் பார்க்கிற துணி. ஆனால் அது வெறும் துணி இல்லை. பின்னல் பாலியஸ்டர் துணியின் முதுகில் சுமார் 3 மில்லிமீட்டர் கனத்துக்குப் பாலியூரித்தேன் பஞ்சு ஒட்டப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் பஞ்சின் மேற்பரப்பை நெருப்பில் காட்டி லேசாக உருக்கி, அந்தச் சூட்டிலேயே துணியோடு அழுத்தி ஒன்றாக்குவார்கள். இந்தக் கூட்டுத் துணியைத்தான் அட்டையில் கம் போட்டு ஒட்டுகிறார்கள். அதாவது கம் தொடுவது பஞ்சை மட்டுமே. துணி நேரடியாகக் கம்மைத் தொடுவதே இல்லை.

பாலியூரித்தேனை 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய கூட்டாளிகளும் கண்டுபிடித்தார்கள். மெத்தை முதல் செருப்பு வரை அது நுழையாத இடம் இல்லை. ஆனால் அதன் பஞ்சு வடிவத்துக்கு ஆயுள் குறைவு. அருங்காட்சியகங்களில் பழைய பொருள்களைப் பாதுகாக்கிறவர்களுக்கே இது பெரிய தலைவலி. பஞ்சில் இரண்டு குலம் உண்டு. பாலியஸ்டர் குலத்தைச் சேர்ந்தது என்றால் காற்றில் உள்ள ஈரமே அதன் மூலக்கூறுச் சங்கிலியை அறுத்துவிடும். பாலிஈதர் குலம் ஈரத்தை ஓரளவு தாங்கும், ஆனால் வெளிச்சமும் சூடும் ஆக்சிஜனும் சேர்ந்தால் நொறுங்கிப்போகும். எந்தக் குலமானாலும் சூடு ஏறினால் அழிவு வேகமாகும்.

இப்போது நம் ஊரை யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் அரிசோனாவில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கோடை வெயிலில் நிறுத்திய கார்களுக்குள் ஒரு மணி நேரத்தில் காற்றின் சூடு சராசரியாக 47 டிகிரி செல்சியஸ் வரை போனதாகவும், டேஷ்போர்டு 69 டிகிரியைத் தொட்டதாகவும் கண்டார்கள். கூரை லைனிங் இருப்பதோ வெயில் நேராக விழுகிற தகட்டுக்கு அடியில். அரிசோனா பாலைவனம், அங்கே ஈரம் குறைவு. நமக்கு அந்தச் சலுகையும் கிடையாது. சித்திரை, வைகாசியில் மயிலாடுதுறையிலோ நாகப்பட்டினத்திலோ மதியம் வெளியே நின்றவர்களுக்குத் தெரியும், வெயில் ஒரு பக்கம் என்றால் கடற்காற்றின் புழுக்கம் இன்னொரு பக்கம். ஐப்பசி வந்தால் அடைமழை. வீட்டு அலமாரியில் இருக்கிற தோல் பெல்ட்டே பூசணம் பூக்கிறபோது, ஈரத் துண்டும் ஈரச் செருப்புமாக ஏறி இறங்கிய பிறகு பூட்டி வைக்கிற காருக்குள் என்ன நடக்கும்? வெயிலும் ஈரமும் மாறி மாறி அடிக்கிற ஊரில் பஞ்சு பொடியாவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்துக்குப் போகிறவர்கள் அங்கே உள்ள பழைய தஞ்சாவூர் ஓவியங்களைப் பார்த்திருப்பீர்கள். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தவை என்றால் 1798 முதல் 1832 வரை. அதுவும் பலகையில் பசை போட்டு ஒட்டிய துணிதான். பலாப்பலகையின் மேல் துணி, அதன்மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சு, அப்புறம் கல்லும் தங்கத் தாளும். இதே காவிரிக்கரை ஈரத்தில் இருந்த ஓவியங்கள்தான் அவை. அந்தப் பசை நாம் டின்னில் வாங்குகிற கம்மைவிடப் பலமானது இல்லை. பலகைக்கும் துணிக்கும் நடுவே பஞ்சு இல்லை, அவ்வளவுதான். சரி, ஓவியம் வெயிலில் நிற்பதில்லை என்பதும் உண்மை. ஆனாலும் கார்க் கூரையில் அடுக்கு எங்கே பலவீனமாக இருக்கிறது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அப்படியானால் பழைய துணியையே மறுபடி ஒட்டுவது வீண் வேலை. ஊசி போட்டுக் கம்மை உள்ளே செலுத்துவது, ஸ்ப்ரே அடித்து அமுக்குவது எல்லாமே பொடியின் மேல் பூசுகிற வேலை. கம் பொடியைப் பிடித்துக்கொள்ளும், பொடி துணியைப் பிடிக்காது. கொஞ்ச நாளில் மறுபடி தொங்கும், கூடவே துணியில் கம் ஊறிய கறையும் மிச்சம்.

ஆக, முதல் முடிவு துணி. கம்மைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

கடைகளில் கார் லைனிங் துணி என்று கேட்டால் பஞ்சு ஒட்டிய துணியையே எடுத்துப் போடுவார்கள். "பஞ்சுதான் சாகிறது என்கிறாய், அப்புறம் எதற்கு மறுபடி பஞ்சு?" என்று கேட்கலாம். நானும் பாயிடம் இதைக் கேட்டேன். பஞ்சில்லாத துணியை ஒட்டினால் அட்டையில் உள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும் வெளியே தெரியும் என்றார் அவர். சுரண்டிய அட்டை ஒருபோதும் சமமாக இருக்காது. அதோடு கம் மெல்லிய துணியில் ஊறி மறுபக்கம் எண்ணெய்ப் பசைபோல் எட்டிப் பார்க்கும். பஞ்சு ஒரு மெத்தையாகவும் இருக்கிறது, கம்முக்கு ஒரு தடுப்பாகவும் இருக்கிறது. அதனால் பஞ்சு வேண்டும். புதுப் பஞ்சும் ஒருநாள் சாகும்தான். நல்ல பஞ்சு என்றால் அந்தக் காரின் மிச்ச ஆயுள் வரை வந்துவிடும்.

துணியைக் கையில் எடுத்துப் பார்க்கிற விதம் ஒன்று உண்டு. நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், அப்புறம் அகலவாக்கில். இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டும். கூரை அட்டை தட்டையாகத் தெரிந்தாலும் சன் வைசர் உட்காரும் பள்ளம், கைப்பிடிப் பள்ளம், ரூம் லைட் குழி என்று நிறைய ஏற்ற இறக்கம் உண்டு. இழுபடாத துணி அந்தப் பள்ளங்களில் பாலம் போட்டு நிற்கும். அமுக்கி ஒட்டினாலும் ஒரு வெயிலுக்குப் பிறகு விறைத்து மேலே எழும்பிவிடும். அடுத்து, பஞ்சைத் துணியிலிருந்து ஒரு மூலையில் பிரிக்கப் பாருங்கள். பஞ்சு கிழிந்து வந்தால் நல்லது. பஞ்சு முழுசாகத் தனியே உரிந்து வந்தால் அந்தத் துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் எவ்வளவு நல்ல கம் போட்டாலும் அந்த இணைப்பில்தான் அது தொங்கும்.

இந்தத் துணி எல்லா ஊரிலும் கிடைக்காது. திருவாரூர், மன்னார்குடி பக்கத்துக் கடைகளில் பெரும்பாலும் சீட் ரெக்சின்தான் குவிந்திருக்கும். திருச்சியிலோ சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ சொல்லி வைத்து வரவழைக்க வேண்டியிருக்கும். காத்திருக்கப் பொறுமை இல்லாமல், இருக்கிற சோபாத் துணியிலும் திரைச்சீலைத் துணியிலும் தனியாக ஒரு பஞ்சுத் தாளை ஒட்டிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். ஓர் ஒட்டு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஒட்டு ஆகிவிடும், தொங்குவதற்கு இரண்டு வாய்ப்பு.

நெருப்பு விஷயமும் இதில் இருக்கிறது. கார் உள்ளே பயன்படுத்துகிற பொருள்கள் எவ்வளவு வேகமாக எரியலாம் என்று விதி உண்டு. அமெரிக்காவில் 1972இல் நடைமுறைக்கு வந்த விதி, கிடையாக வைத்துக் கொளுத்தினால் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் நெருப்பு நகரக் கூடாது என்கிறது. இந்தியாவிலும் இதே பாணியில் ஐ.எஸ். 15061 என்ற தரநிலை இருக்கிறது. வீட்டு ஜன்னலுக்கு நெய்த துணிக்கு இந்தச் சோதனையெல்லாம் செய்திருக்க மாட்டார்கள். கார்த் துணி என்று விற்கிறதிலும் எல்லாம் சோதித்தது என்று சொல்ல முடியாது, கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. ஒரு சின்னத் துண்டை வெளியே எடுத்துப்போய், இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார்த்தால் ஓரளவு தெரியும். கொழுந்து விட்டு ஓடுகிறதா, தயங்கித் தயங்கி அணைகிறதா என்று. தலைக்கு மேல் இருக்கிற பொருள், உருகிச் சொட்டினால் நம் மேல்தான் சொட்டும்.

ரெக்சின் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நம் ஊர் வேன்களிலும் ஷேர் ஆட்டோக்களிலும் மினுமினுக்கிற ரெக்சின் கூரை பிரபலம். வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் ஓடுகிற டூரிஸ்ட் வேன்களில் வைரத் தையல் போட்ட சிவப்பு ரெக்சினும் கலர் விளக்குமாகக் கல்யாண மண்டபம் போலவே இருக்கும். துடைக்க வசதி, பூசணம் அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் ஒட்டுவதற்கு அது சண்டைக்காரப் பொருள். ரெக்சினின் மேல்பூச்சு பி.வி.சி. பிளாஸ்டிக். அது இயல்பில் விறைப்பானது, அது வளைந்து கொடுப்பதற்காகவே எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலக்கிறார்கள். அந்தத் திரவம் வெயிலில் மெல்ல மெல்ல வெளியே கசியும். ஒரு பகுதி ஆவியாகிக் கண்ணாடியின் உள்பக்கத்தில் மங்கலாகப் படியும். இன்னொரு பகுதி பின்பக்கமாக இறங்கி ரப்பர் கம்மை இளக்கிக் குழைத்துவிடும். ரெக்சின்தான் வேண்டும் என்றால் பின்னால் துணி கொடுத்த ரெக்சினாகப் பார்த்து, அந்தத் திரவத்தைத் தாங்குகிற பாலியூரித்தேன் கம்மோ நைட்ரைல் ரப்பர் கம்மோ கேட்டு வாங்க வேண்டும். வேன்காரர்கள் புத்திசாலிகள், அவர்கள் பெரும்பாலும் பட்டை அடித்து, திருகாணி முடுக்கி நிறுத்திவிடுகிறார்கள். ஆட்டோவின் ஹூட் எத்தனை வருஷம் ஆனாலும் தொங்காததற்கும் இதுதான் காரணம், அது தையலில் நிற்கிறது. பழைய அம்பாசிடர் கூரையிலும் துணியைக் கம்பிகளில் கோத்து இழுத்துக் கட்டியிருப்பார்கள், ஓரத்தில் மட்டும்தான் கம்.

சரி, கம்முக்கு வருவோம்.

மர வேலைக்குப் பயன்படுகிற வெள்ளைப் பசையை யாராவது சிபாரிசு செய்தால் காதில் வாங்காதீர்கள். அது தண்ணீரில் கலந்த பசை, காய்ந்த பிறகும் சூட்டில் இளகும், ஈரத்தில் நமத்துப்போகும். நாற்காலிக் காலுக்கு அது அருமையான பொருள், கார்க் கூரைக்கு இல்லை. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனும் இந்த வேலைக்கு ஆகாது.

குஷன் கடைகளில் கம் என்று சொல்வது பெரும்பாலும் செயற்கை ரப்பர் கம்தான், ஃபெவிகால் எஸ்.ஆர். வகைகளைப் போல. மஞ்சள் கலந்த தேன் நிறத்தில் தின்னர் வாடை அடிக்கும். இதில் நியோப்ரீன் ரப்பர் சேர்ந்ததுதான் நமக்கு வேண்டியது. 1930இல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியின் ஆய்வகத்தில் பிறந்த செயற்கை ரப்பர் அது. சூட்டையும் ஈரத்தையும் சாதாரண ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். டின்னின் மேல் எந்த வேலைக்கு, எவ்வளவு சூடு வரை என்று எழுதியிருப்பார்கள். கடைக்காரரிடம் பேசுவதற்கு முன் அதைப் படியுங்கள். ஸ்ப்ரே டப்பாவில் வருகிறதில் காகிதத்துக்கும் தெர்மாகோலுக்கும் அடிக்கிற லேசான ரகம் ஒன்று, கூரை லைனிங்குக்கு என்றே சூடு தாங்குகிற ரகம் ஒன்று. டப்பா பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், விலையில்தான் வித்தியாசம். விலை குறைந்ததை வாங்கினால் முதல் பங்குனி வெயிலிலேயே தெரிந்துவிடும்.

எந்த ரகமானாலும் பூசுகிற முறையில்தான் வேலை நிற்கிறது. இரண்டு பக்கமும் பூச வேண்டும், அட்டைக்கும் பஞ்சுக்கும். பூசிய உடனே ஒட்டக் கூடாது. பலர் கெடுத்துக்கொள்கிற இடம் இதுதான். கம் ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் தின்னர் உள்ளேயே மாட்டிக்கொள்ளும், வெயில் பட்டதும் ஆவியாகிக் குமிழ் குமிழாகத் துணியைத் தூக்கும். பாய் புறங்கை விரலால் கம்மைத் தொட்டுத் தொட்டு எடுப்பார். நூல் இழுத்தால் இன்னும் நேரம் இருக்கிறது. விரலில் ஒன்றும் ஒட்டாமல், ஆனால் லேசாகப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தால் அதுதான் பதம். அந்தப் பதத்தில் இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டால் பிரிக்க முடியாது. ஆகவே துணி முழுவதையும் ஒரேயடியாகப் போடக் கூடாது. அட்டையின் மேல் துணியை விரித்து நடுவை ஒத்துப் பார்த்து, பாதியை மடித்துப் போட்டு, அந்தப் பாதிக்கு மட்டும் கம் அடித்து, பதம் வந்ததும் நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவிக்கொண்டே போக வேண்டும். அப்புறம் மறுபாதி. பள்ளங்களில் விரல் நுனியால், மெதுவாக. துணியை இழுத்துப் பிடித்து ஒட்டவே கூடாது, இழுத்தது திரும்பச் சுருங்கப் பார்க்கும்.

பிரஷ்ஷால் பூசினால் கட்டி கட்டியாக நிற்கும், பஞ்சு அந்த இடத்தில் கம்மைக் குடித்து அமுங்கிப் பள்ளமாகத் தெரியும். கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் இருக்கிற கடை என்றால் நல்லது. மெல்லியதாக இரண்டு பூச்சு, தடித்த ஒரு பூச்சைவிட மேல்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது. தின்னர் ஆவியாகும்போது பூசிய பரப்பைக் குளிர வைக்கும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ந்த கம்மின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் பனி படியும், சில சமயம் லேசாக வெளுத்தும் தெரியும். அதன்மேல் ஒட்டினால் கம்மும் கம்மும் சேராது, நடுவில் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கூரை லைனிங் வேலையைக் கொடுக்காதீர்கள், "நாளைக்கே வேணும்" என்று கடைக்காரரை அவசரப்படுத்தவும் செய்யாதீர்கள். தை, மாசி நல்ல காலம். ஆனால் அப்போதுதான் சம்பா அறுவடை. மெஷின் வயலில் இறங்கியிருக்கும், ரோட்டில் நெல் காயும், பதரும் தூசியும் ஊரெல்லாம் பறக்கும். பதத்தில் இருக்கிற கம்மின் மேல் ஒரு பதர் விழுந்தால் அது துணிக்கு அடியில் பருவாகவே நிற்கும், எடுக்க முடியாது. உள்ளே, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு வேலை பார்க்கிற கடையாகத் தேடுங்கள். கோடையில் செய்வதானால் காலை நேரம். உச்சிவெயிலில் ஸ்ப்ரே அடித்தால் கம் போய்ச் சேருவதற்குள் வழியிலேயே காய்ந்து நூலாம்படையாகத்தான் விழும்.

இவ்வளவு சொல்லியும், கம்முக்கும் துணிக்கும் முன்னால் இருக்கிற வேலையைச் சொல்லவில்லை. சுரண்டுவது. யாருக்கும் பிடிக்காத வேலை, கூலி பேசும்போது யாரும் கணக்கில் எடுக்காத வேலை. சன் வைசர், கைப்பிடி, ரூம் லைட், கதவு ஓர ரப்பர் பீடிங், பில்லர் (கண்ணாடிகளுக்கு நடுவே கூரையைத் தாங்குகிற தூண்) மூடிகள் எல்லாவற்றையும் கழற்றி, முன்சீட்டைச் சாய்த்து, அட்டையை மடங்காமல் வெளியே எடுக்க வேண்டும். மடங்கினால் அந்தக் கோடு எத்தனை துணி போட்டாலும் தெரியும். பிறகு பழைய பஞ்சுத் தூள் முழுவதையும் நைலான் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்க வேண்டும். கம்பி பிரஷ் வேண்டாம், அட்டையின் தோலே உரிந்து வந்துவிடும். தண்ணீர் ஊற்றவே கூடாது. சணல் அட்டை என்றால் ஊறிக் குழைந்துவிடும். மூக்கில் மாஸ்க் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. கண்ணாடி இழை அட்டையாக இருந்தால் முழுக்கைச் சட்டையும் கையுறையும் வேண்டும், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க அரிப்பு. எங்கள் கார் அட்டையைக் கடைப் பையன் தேய்த்து முடித்தபோது, பாய் அதன்மேல் ஒரு டேப்பை ஒட்டி, பிடுங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். டேப்பில் மஞ்சள் இருந்தது. "இன்னொரு வாட்டி தேய்டா" என்று உள்ளே போய்விட்டார். ஒரு கடை நல்ல கடையா என்று கண்டுபிடிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

அட்டை வெளியே வந்திருக்கும்போது கூரைத் தகட்டைப் பார்க்கக் கிடைக்கிற வாய்ப்பை விடக் கூடாது. பழைய துணியில் பழுப்பு வட்டம் இருந்ததா? அப்படியானால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது. ஆன்டெனா அடியில் உள்ள ரப்பர், கூரையின் இரு ஓரக் கால்வாயில் பூசிய சீலன்ட், இரண்டும்தான் வழக்கமான குற்றவாளிகள். வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்து அடைத்த பிறகுதான் புது லைனிங். தகட்டில் துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து ப்ரைமர் அடித்துவிடுங்கள். வேதாரண்யம், தரங்கம்பாடி போலக் கடலோரத்தில் நிற்கிற வண்டிகளில் இது கட்டாயம்.

சூடு குறையவும் மழைச் சத்தம் அடங்கவும் தகட்டின் அடியில் ஒட்டுகிற ஷீட்களும் இப்போது கிடைக்கின்றன. ஒட்டலாம், பலன் உண்டு. ஆனால் தண்ணீர் குடிக்காத, மூடிய கண்ணறை உள்ள ஃபோம் ஷீட்டாக இருக்க வேண்டும். ஃபெல்ட், பழைய மெத்தைப் பஞ்சு, சாக்கு என்று கைக்குக் கிடைத்ததைத் திணித்தால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துத் தகட்டை அரிக்கும், நாற்றமும் அடிக்கும். கனமும் பார்க்க வேண்டும். ஷீட் தடிமனாகிவிட்டால் அட்டை பழைய இடத்தில் உட்காராது, கிளிப்கள் தெறிக்கும்.

வீட்டிலேயே செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். ரப்பர் கம்மில் இருக்கிற டொலுவீன் போன்ற கரைப்பான்கள் சுலபமாகத் தீப்பிடிக்கும், மூச்சில் போனால் தலை சுற்றும். காரை மூடிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து அடிப்பது வேண்டவே வேண்டாம், பக்கத்தில் பீடி பற்ற வைக்க விடாதீர்கள், மிச்சக் கம்மையும் ஸ்ப்ரே டப்பாவையும் வெயிலில் நிற்கிற வண்டிக்குள் வைக்காதீர்கள். இன்னொன்று ஏர்பேக். பில்லர் மூடியில் ஏர்பேக் என்று எழுதியிருந்தால் கூரை ஓரம் முழுவதும் திரைபோல் விரிகிற பை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றாமல் எதையும் தொடக் கூடாது. புதுத் துணியை அட்டையின் விளிம்பைத் தாண்டி பில்லரோடு சேர்த்து ஒட்டவும் கூடாது. பை விரிய வேண்டிய நேரத்தில் துணி தடுத்துவிடும். இந்த மாதிரி வண்டியை நான் கம்பெனி சர்வீஸுக்குத்தான் அனுப்புவேன், பாயும் அதைத்தான் சொல்கிறார்.

வேலை முடிந்ததும் ஒருநாள் முழுக்க வண்டியை நிழலில் விட வேண்டும். பார்வைக்கு ஒட்டிவிட்டாலும் கம் முழுப் பலத்துக்கு வர நேரம் பிடிக்கும். வேலை நடந்த அன்று மதியமே வெயிலில் நிறுத்தினால் ஓரங்கள்தான் முதலில் எழும்.

விற்கப் போகிற வண்டிக்கு இதையெல்லாம் செய்வதா என்று அப்பாவின் நண்பர் ஒருவர் கேட்டார். தேவையில்லை. கார் சாமான் கடைகளில் தலை தட்டையாக, முனை திருகாணியைப் போல் முறுக்கிய ஊசிகள் கிடைக்கும், அட்டையில் திருகினால் துணியைத் தாங்கிப் பிடிக்கும். கொஞ்சம் இடைவெளி விட்டு வரிசையாகக் குத்தினால் பார்க்கவும் சோபா மாதிரி இருக்கும். வாங்குகிறவர் அதைக் காட்டிக் கொஞ்சம் விலை குறைக்கத்தான் செய்வார். ஆனால் புது லைனிங் போட்ட செலவும் விற்கிற விலையில் திரும்பி வராது. விற்கிற எண்ணம் இருந்தால் ஊசி, இன்னும் சில வருஷம் நாமே ஓட்டுவதாக இருந்தால் மாசி மாதத்தில் ஒரு காலை, நல்ல பஞ்சு, நியோப்ரீன் கம்.